கட்டம் நிரப்பிகள்

நேற்று உங்கள் வீட்டில், வாய் திறக்காத எத்தனை பேரை நீங்கள் 'சம்மதம்' என்று கணக்கில் சேர்த்தீர்கள்?

விழிக்க வேண்டாம், எளிய கேள்விதான். கோடை விடுமுறைக்கு யார் வீட்டுக்குப் போவது என்று முடிவானதே, அப்போது அடுப்படியில் நின்றவரைக் கேட்டீர்களா? மூத்தவன் என்ன படிப்பது என்று முடிவானதே, படிக்கப்போகிறவனைக் கேட்டீர்களா? "யாரும் வேண்டாம்னு சொல்லலையே" என்கிறீர்கள். நல்லது. அப்படியானால் இதைக் கொஞ்சம் எச்சரிக்கையாகவே படியுங்கள். இதில் வரும் உயிரினம் உங்களுக்குச் சொந்தமாக இருக்கலாம்.

அதற்குக் 'கட்டம் நிரப்பி' என்று பெயர் வைத்திருக்கிறேன். பாபநாசத்தில் மலையை விட்டு இறங்குகிற தாமிரபரணித் தண்ணீர் புன்னக்காயலில் கடலைத் தொடுவதற்குள், இரு கரையிலும் இந்த இனத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போகிறது. சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும்; ஒன்று சிவப்பு. உலகத்திலுள்ள எல்லாக் கேள்விகளுக்கும் இரண்டே விடைதான் என்பது இதன் நம்பிக்கை: ஆமா, இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒருவர் பேசாமல் நின்றால் இதற்கு உடம்பெல்லாம் அரிக்கும். காலியாகக் கிடக்கும் ஒரு கட்டத்தைப் பார்த்துக்கொண்டு இதனால் சும்மா இருக்க முடியாது. நிரப்பிவிடும். கேட்டு நிரப்புமா? கேட்க வேண்டுமென்றால் நடக்க வேண்டும். நடந்தால் வேர்க்கும்.

நம் கையில் அகப்பட்ட மாதிரி உருப்படியின் பெயர் சங்கரசுப்பிரமணியன். பெருமாள்புரத்தில் வீடு. தாத்தா காலத்தில் வயல் இருந்தது, அப்பா காலத்தில் வழக்கு இருந்தது, இவர் காலத்தில் அரசு வேலை இருக்கிறது. குடிநீர்த் திட்டங்களைக் கவனிக்கிற ஓர் அலுவலகத்தில் அதிகாரி. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். நான் கற்பனையில் கட்டியது என்று சொன்னாலும் நாலு அலுவலகம் கோபித்துக்கொள்ளும்.

வீட்டில் அவர் எப்படி என்று முதலில் பார்த்துவிடுவோம். ஒருநாள் காலையில் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு மகளிடம் கேட்டார்:

"ஏட்டி அனு, அந்தத் தூத்துக்குடி மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிரட்டுமா? ஆமாவா, இல்லையா? ஒத்தை வார்த்தையில சொல்லு."

உள்ளே குழாய்ச் சத்தம் கேட்டது. வேறு பதில் வரவில்லை. அவருக்கு அது போதும். தொலைபேசியை எடுத்து, பொண்ணுக்குப் பூரண சம்மதம் என்று சொல்லிவிட்டு, இட்லிக்கு உட்கார்ந்துவிட்டார். அனுராதா துண்டோடு வெளியே வந்தாள்.

"யாருக்குப்பா சம்மதம்?"

"உனக்குத்தான். நீ வேண்டாம்னு சொல்லலையே?"

"வாயில பேஸ்ட் இருந்துச்சுப்பா!"

"துப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்லா?"

அந்தக் கல்யாணம் நடக்கவில்லை என்பது தனிக்கதை. அதே சங்கரசுப்பிரமணியனுக்கு விஜயஸ்ரீ என்று ஒரு தங்கை உண்டு. பூர்வீக வீட்டைப் பங்கு பிரித்தபோது, தன் பங்கைப் பற்றி விஜயஸ்ரீ வாய் திறக்கவில்லை. அண்ணன் எல்லோரிடமும் சொன்னார்: "அவளுக்கு ஒண்ணும் வேண்டாமாம். நல்ல மனசு." கவனித்தீர்களா? மகள் பேசாமல் இருந்தால் அது 'ஆமா'. தங்கை பேசாமல் இருந்தால் அது 'இல்லை'. பேசாமை ஒன்றுதான், விடை மட்டும் எப்படி இரண்டானது? எந்தப் பக்கம் சாய்த்தால் தனக்கு வசதியோ அந்தப் பக்கம் சாய்ந்தது. இதை நான் கண்டுபிடித்ததாக மார்தட்டவில்லை. இந்த நாட்டில் ஆயிரம் வருஷமாகப் பெண்களின் வாயையும் சேரி மக்களின் வாயையும் மூடிவைத்துவிட்டு, பிறகு அந்த மூடிய வாயையே சாட்சிக்கு அழைத்துவருகிற பழைய வித்தைதான் இது.

அவர் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் செயலாளர். ஒரு மழை நாளில் கூட்டத்துக்கு ஆளே வரவில்லை. இவர் மட்டும் குடையோடு போய் உட்கார்ந்து, தெருவில் வேப்பமரங்களை வெட்டுவது என்ற தீர்மானத்தை வாசித்து, எதிர்ப்பவர் உண்டா என்று நாற்காலிகளைக் கேட்டு, ஒருவரும் எதிர்க்கவில்லை, ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிவிட்டு வந்தார். அதில் பொய் இருக்கிறதா? தேடிப் பாருங்கள். வராதவர்களில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை.

இப்படிப்பட்ட ஒருவர் கையில்தான் தொண்ணூற்றாறாம் வருஷம் ஒரு கணிப்பொறி கிடைத்தது.

அதற்கென்று தனி அறை, குளிர்சாதனம், கண்ணாடிக் கதவு. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மேலதிகாரி வந்தால்கூட எழுந்திருக்காதவர்கள் அந்த அறைக்குள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். சங்கரசுப்பிரமணியன் அதன் நெற்றியில் விபூதி பூசி, சந்தனம் வைத்து, மேலே ஓர் எலுமிச்சம்பழத்தையும் உட்காரவைத்தார். வைரஸ் அண்டாதாம். பூசை முடிந்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. இனி, தான் சொல்வதைக் 'கம்ப்யூட்டர் சொல்லுது' என்று சொல்லலாம். அந்த நிம்மதிக்கு என்ன விலை என்று பிறகு பார்ப்போம்.

ஊர் ஊராக வீட்டுக் கணக்கெடுத்து, குழாய் யாருக்கு வேண்டும் என்று தெரிந்துகொண்டு, முன்னுரிமைப்படி குழாய் போடுவது திட்டம். அதைக் கணிப்பொறியில் ஏற்றுவதற்கு, வண்ணார்பேட்டையில் ஒரு கணினி மையத்திலிருந்து ஃபஹ்மிதாவை வரவழைத்தார்கள். மேலப்பாளையத்துப் பெண். எம்.சி.ஏ. படித்தவர், வாயும் கொஞ்சம் நீளம்.

"வீட்டுக்கு ஒரு வரிசை சார், கேள்விக்கு ஒரு கட்டம். ஆமான்னா ஒண்ணு, இல்லன்னா சைபர்" என்றார்.

"எதுக்கும்மா நம்பரு? ஆமா, இல்லைன்னே வச்சிரலாம்லா?"

"மெய், பொய்னு வைக்கத் தனி வகை இருக்கு சார். ஆனா மெய்யையும் பொய்யையும் கூட்டச் சொன்னா இந்த மெசின் கூட்டாது. கோவிச்சுக்கிடும். ஒண்ணு, சைபர்னு வச்சோம்னா அப்படியே கூட்டிரலாம். கூட்டி வாரதுதான் எத்தனை வீடு ஆமான்னு சொல்லியிருக்குங்கது. அதை மொத்த வீட்டால வகுத்தா நூத்துக்கு எத்தனைன்னு வந்துரும்."

மெய்யையும் பொய்யையும் கூட்ட முடியாது என்பது சங்கரசுப்பிரமணியனுக்குப் புதுச் செய்தி. இத்தனை வருஷமாக ஆண்டறிக்கையை அவர் அப்படித்தான் எழுதிவந்தார்.

"ஆனா ஒரு வில்லங்கம் சார். கட்டத்தை ஒண்ணுமே போடாம விட்டா, அதையும் இது சைபராத்தான் எடுக்கும். வெத்துக் கட்டத்துக்கும் 'இல்லை'க்கும் இதுக்கு வித்தியாசம் தெரியாது."

"தெரியாண்டாம். பதில் சொல்லாட்டி வேண்டாம்னுதான அர்த்தம்?"

"நாம கேக்கவே இல்லேன்னா?"

"கேக்காம எப்படிம்மா இருப்பாவ? நம்ம ஆளுகம்மா!"

"அதான் பயமா இருக்கு" என்று ஃபஹ்மிதா மெதுவாகச் சொன்னார். பிறகு சத்தமாக, "மூணாவதா ஒரு குறி வச்சிருவோம் சார், 'கேக்கல'ன்னு. ஒத்தை எழுத்துதான். இடம் ஒண்ணும் அடைக்காது."

"மூணாவது அணியெல்லாம் டெல்லியில வச்சுக்கிடட்டும். இங்கன ரெண்டுதான். ஆமா, இல்லை."

"கையெழுத்துப் போடுதவரு நீங்க, தட்டுதவ நான்" என்றார் ஃபஹ்மிதா. தட்டினார். அவருக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் வேண்டும்.

கணிப்பொறியைத் திட்டாதீர்கள். பெரிய தரவுத்தளங்களில் இதற்கென்றே மூன்றாவதாக ஒரு நிலை வைத்திருக்கிறார்கள். 'தெரியாது' என்பது அதன் பொருள். அது சுழியம் அல்ல, பொய்யும் அல்ல. கூட்டும்போது கூட்டலில் ஒட்டாது. சராசரி போடும்போது தலைக்கணக்கிலேயே சேராது. "நீ ஆமாவா?" என்றாலும் தலையாட்டாது, "அப்போ இல்லையா?" என்றாலும் தலையாட்டாது. என்ன அழகான பிடிவாதம்! ஆனால் அந்த நிலையை வைத்தாலும் வைத்தவரின் கெட்டிக்காரத்தனம் மிச்சமிருக்கிறது. ஒரு தெருவில் பத்து வீடு என்று வையுங்கள். நாலு வீட்டைக் கேட்டார்கள், நாலும் தண்ணீர் வேண்டும் என்றன. கேட்ட வீட்டால் வகுத்தால், அத்தனை பேருக்கும் தண்ணீர் வேண்டும். மொத்த வீட்டால் வகுத்தால், பாதிப் பேர்கூடத் தண்ணீர் கேட்கவில்லை! இரண்டும் கணக்குதான். எந்த எண்ணால் வகுப்பது என்பதைக் கணிப்பொறி முடிவு செய்வதில்லை. நெற்றியில் விபூதி பூசியவர் முடிவு செய்கிறார்.

கணக்கெடுப்பு தொடங்கியது. முக்கூடலுக்குப் பக்கத்தில் கீழத்தோப்பு என்று ஒரு குடியிருப்பு. வரைபடத்தில் தேடாதீர்கள், அகப்படாது. கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் கீழத்தோப்பு. நடுவே ஒரு சின்னப் பாலம். ஊருக்குள் குழாய் உண்டு; ஆனால் ஊரார் பிடித்து முடித்து, ஊரார் வீட்டு மாடு குடித்து முடித்து, பிறகு குழாயில் காற்று வரும்போதுதான் கீழத்தோப்புப் பெண்கள் குடம் வைக்கலாம். கால்வாயில் தண்ணீர் ஓடும் மாதங்களில் அதை மொண்டு வடிகட்டிக் குடிப்பார்கள். கால்வாயை அடைத்துவிட்டால் ஆற்றுக்கு நடக்க வேண்டும். நடக்கிற நேரமெல்லாம் பீடி சுற்றாத நேரம். பீடி சுற்றாவிட்டால் அடுப்பு எரியாது. அவர்களுக்குக் குழாய் என்பது என்ன என்று இதற்கு மேலும் விளக்க வேண்டுமா?

அங்கே கணக்கெடுக்கப் போனவர் காந்திமதிநாதன். நல்ல மனிதர், பொய் சொல்லாதவர். பாலம் வரைக்கும் வந்தார். வெளுத்த சட்டை. சாயங்காலம் கோவிலுக்குப் போக வேண்டும். அந்தத் தெருவுக்குள் போனால் திரும்பிவந்து குளிக்க வேண்டும் என்பது அவர் வீட்டு வழக்கம். பாலத்துக்கு இந்தப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தார். வாக்காளர் பட்டியலைப் பார்த்துக் கீழத்தோப்பின் பெயர்களையெல்லாம் மணி மணியாக எழுதினார். 'குழாய் வேண்டுமா?' 'குடிநீர் பற்றிக் குறை உண்டா?' என்ற இரண்டு கட்டங்களுக்கு வந்ததும் பேனா நின்றது. கேட்காத பதிலை எப்படி எழுதுவது? பொய் ஆகிவிடாதா? மனச்சாட்சிக்குப் பயந்து அப்படியே காலியாக விட்டுவிட்டார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த அலுவலகம் அந்த வருஷம் சேகரித்த விவரங்களில் முழு உண்மை என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்த வெற்றிடம்தான்.

வெற்றிடம் கணிப்பொறிக்குள் போனது. சுழியமாக வெளியே வந்தது.

குழாய் வேண்டும் என்ற வீடுகளைக் கூட்டினார்கள். கீழத்தோப்புக்கு வந்தது சுழியம். குறை உண்டு என்ற வீடுகளைக் கூட்டினார்கள். அதற்கும் சுழியம். ஊர்களைக் குறை குறைவானதிலிருந்து வரிசையாக நிறுத்தச் சொன்னதும், தாமிரபரணிப் படுகை முழுவதையும் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கீழத்தோப்பு முதலிடத்தில் வந்து நின்றது! சங்கரசுப்பிரமணியன் திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஒரு வீட்டுலகூட குறை இல்லை. பாத்தியாம்மா? இந்தக் காலத்துல இப்படி ஒரு சனங்க!"

"சார், எல்லாம் சைபரா இருந்தா சந்தேகப்படணும் சார். மனுசங்க அப்படி இருக்கமாட்டாங்க. எங்க வீட்டுல மூணு பேருதான், மூணு பேரும் மூணு குறை சொல்லுவோம்."

"உங்க வீட்டைப் பத்திக் கேக்கலம்மா. கம்ப்யூட்டர் சொல்லுது."

அதற்கு மேல் யார் பேச முடியும்? குழாய்ப் பட்டியலில் கீழத்தோப்பு கடைசிக்குப் போயிற்று. அதோடு விட்டிருந்தால் இந்த விஷயம் வெளியே வந்திருக்காது. ஆனால் கட்டம் நிரப்பிகளுக்குத் திறமையைக் காட்ட மேடை வேண்டுமே. 'குறையில்லாச் சிற்றூர்' என்று ஒரு பரிசை ஏற்படுத்தி, விழாவும் வைத்துவிட்டார். பரிசு என்ன தெரியுமா? பளபளவென்று ஓர் எவர்சில்வர் குடம்.

முக்கூடலில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, கீழத்தோப்பிலிருந்து ஒருவரைப் பரிசு வாங்க அழைத்துவரச் சொல்லி ஜீப்பை அனுப்பினார்கள். கால்வாயை அடைத்திருந்த சமயம். பாலத்தில் காலிக் குடத்தோடு ஆற்றுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர் அன்னத்தாய். வெடுக்கென்று பேசுகிறவர் என்று பீடிக்கடையில் பெயர் வாங்கியவர். "அதிகாரி கூப்பிடுதாரு, குடம் தாராவ" என்றார் ஓட்டுநர். சும்மா கிடைக்கிற குடத்தை விடுவானேன் என்று ஏறி உட்கார்ந்துவிட்டார்.

நானும் அந்தப் பந்தலில் இருந்தேன். சங்கரசுப்பிரமணியன் மைக்கைப் பிடித்து, தண்ணீர்ப் பஞ்சம் என்று ஓலமிடுகிறவர்கள் கீழத்தோப்பைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும், அங்கே ஒரு வீட்டுக்குக்கூடக் குழாய் வேண்டாமாம், ஒருவருக்குக்கூடக் குறை இல்லையாம் என்றும் முழங்கினார். கை தட்டினார்கள். குடத்தை அன்னத்தாயிடம் கொடுத்தார். கொடுத்தபோது கை படாமல் விளிம்பைப் பிடித்துக் கொடுத்ததையும் நான் பார்த்தேன். பிறகு கேட்டார்:

"ஏம்மா, உங்க ஊருல தண்ணிக்குக் குறை ஒண்ணும் இல்லேல்ல?"

"யாரு சார் சொன்னது?"

"கம்ப்யூட்டர் சொல்லுது."

"அது எப்ப எங்க தெருவுக்கு வந்துச்சு?"

பந்தலில் சிரிப்பு எழுந்தது. சங்கரசுப்பிரமணியனுக்கு உடம்பு அரிக்கத் தொடங்கிவிட்டது.

"நீ சுத்தி வளைச்சுப் பேசாத. கேட்டப்ப நீங்க வேண்டாம்னு சொன்னியளா, இல்லையா? ஒத்தை வார்த்தையில சொல்லு."

"எதுக்கு சார் ஆமான்னு சொல்ல, எதுக்கு இல்லைன்னு சொல்ல? எங்ககிட்ட ஒருத்தரும் கேக்கவே இல்லையே!"

"கேக்காட்டி என்ன, நீங்களா வந்து சொல்லியிருக்கலாம்லா?"

அன்னத்தாய் கையிலிருந்த குடத்தை ஒருமுறை பார்த்தார். மைக்குக்கு முன்னால் அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். உலுக்கினார். ஒன்றும் விழவில்லை.

"இதுல என்ன சார் இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. காலிக் குடம்."

"குடம் காலியா இருக்குன்னா எனக்குத் தண்ணி வேண்டாம்னா சார் அர்த்தம்?"

ஒலிபெருக்கியில் அது கால்வாய்க்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். அன்னத்தாய் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். பரிசைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்க வேண்டும்?

மறுநாள் பத்திரிகைகளில் கவிழ்த்த குடம் படமாக வந்தது. மேலிடத்திலிருந்து ஏச்சும் வந்தது. சங்கரசுப்பிரமணியன் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிப்போய் ஃபஹ்மிதா முன்னால் நின்றார்.

"இந்தக் கீழத்தோப்பை உடனே திருத்தும்மா."

"என்னன்னு திருத்த சார்?"

"எல்லாத்துக்கும் ஒண்ணு போட்டுரு. குழாய் வேணும்: ஒண்ணு. குறை உண்டு: ஒண்ணு. முடிஞ்சுது."

பார்த்தீர்களா உயிரினத்தின் குணத்தை! அடி விழுந்த பிறகும் அதற்குத் தோன்றுவது, சுழியத்தை அழித்துவிட்டு ஒன்று போடலாம் என்பதுதான். போய்க் கேட்கலாம் என்று தோன்றாது.

ஃபஹ்மிதா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "கேக்காம சைபர் போட்டதுதான சார் தப்பு? கேக்காம ஒண்ணு போட்டா மட்டும் சரியாயிருமா? அன்னைக்கு நீங்க சொன்னியன்னு தட்டுனேன். இன்னைக்குத் தட்டமாட்டேன். போய்க் கேட்டுட்டு வாங்க."

போனார். வேறு வழியில்லை, நேரில் போய் அறிக்கை தர வேண்டும் என்று உத்தரவு. உடன் போன பத்திரிகைக்காரர்களோடு நானும் ஒட்டிக்கொண்டேன். ஜீப் பாலத்தில் நின்றது. அவர் இறங்கிப் பாலத்தின் இந்த முனையிலேயே நின்று கூப்பிட்டார்:

"எல்லாரும் இங்கன வாங்க. வரிசையா வந்து சொல்லிட்டுப் போங்க."

அந்த முனையிலிருந்து அன்னத்தாயின் குரல் வந்தது: "கேக்க வந்தது நீங்க. பைய நடந்து வாங்க சார். பாலம் தாங்கும்."

பாலம் தாங்கியது. வீடு வீடாகப் போனார். வேர்த்தது. குழாய் வேண்டுமா, ஆமாவா, இல்லையா என்று கேட்டார். ஒரு வீட்டில், "வேணும், ஆனா எங்கன வைப்பிய? பாலத்துக்கு அந்தப் பக்கம் வச்சா வேண்டாம்" என்றார்கள். அடுத்த வீட்டில், "வேணும்தான். ஊர்க்காரன் வாய்க்காமேட்டுல அடைச்சுப்போட்டா நீங்க வந்து திறப்பியளா?" என்றார்கள். இன்னொரு வீட்டில் ஒரு கிழவர் பதிலே சொல்லாமல், தன் தகப்பனார் ஊர்க் குழாயில் முதல் ஆளாகக் குடம் வைத்து அடிவாங்கிய கதையைச் சொன்னார். எந்தப் பதிலும் கட்டத்துக்குள் அடங்கவில்லை. ஒன்று என்று போட்டால் விளிம்பில் வழிந்தது. சங்கரசுப்பிரமணியன் முதல்முறையாகப் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார். அந்தப் பெருமையை அவரிடமிருந்து நான் பறிக்கமாட்டேன்.

கடைசி வீடு அன்னத்தாயுடையது. நல்ல வெயில். அதிகாரி நாக்கால் உதட்டைத் தடவுவதை அன்னத்தாய் பார்த்துவிட்டார். உள்ளே போய், பளபளவென்ற அந்தப் பரிசுக் குடத்தையும் ஒரு தம்ளரையும் எடுத்துவந்தார். ஆற்றிலிருந்து சுமந்து வந்த தண்ணீர். சாய்த்து ஊற்றி நீட்டினார்.

"தண்ணி குடிக்கியளா சார்?"

சங்கரசுப்பிரமணியன் தம்ளரைப் பார்த்தார். குடம் அவர் கையால் கொடுத்தது. தண்ணீர் அவர் ஊர் ஆற்றுத் தண்ணீர். இடையில் இருந்தது அன்னத்தாயின் கை மட்டும்தான். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜீப் நிற்கும் திசையைப் பார்த்தார். தூரத்தில் தெரிந்த பொதிகை மலையைக்கூடப் பார்த்தார்.

"ஆமாவா, இல்லையா? ஒத்தை வார்த்தையில சொல்லுங்க" என்றார் அன்னத்தாய்.

அவர் வாய் திறக்கவில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. அதைத் தாகம் என்றும் சொல்லலாம், வெட்கம் என்றும் சொல்லலாம், தாத்தா காலத்து வயலின் கடைசி அறுவடை என்றும் சொல்லலாம்.

அன்னத்தாய் தம்ளரைப் படியில் வைத்தார்.

"நான் ஒண்ணும் எழுதிக்கிடல சார். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க கட்டம் அப்படியே கெடக்கட்டும்."

மறு கோடைக்குள் கீழத்தோப்புக்குக் குழாய் வந்தது; பாலத்துக்கு அந்தப் பக்கம், தெருவுக்குள்ளேயே. குழாய் உண்டா என்ற கட்டத்தில் இப்போது ஒன்று இருக்கிறது. தண்ணீர் வருகிறதா என்பதற்கு ஃபஹ்மிதா தனியாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார். அது நாளுக்கு நாள் மாறுகிறது. மூன்றாவது குறியும் வந்துவிட்டது. 'கேட்கவில்லை' என்ற அந்த ஒற்றை எழுத்தை அட்டவணையில் ஏற்ற, ஒரு தெருவே காலிக் குடத்தோடு ஒரு வருஷம் கூடுதலாக ஆற்றுக்கு நடக்க வேண்டியிருந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். சங்கரசுப்பிரமணியன் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கமாட்டார் என்று இதற்குள் நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள், இல்லையா? நான் சொன்னேனா? அவர் சொன்னாரா? அன்னத்தாய்கூடக் காலியாக விட்ட கட்டத்தை, சாய்வு நாற்காலியில் இருந்தபடியே சுழியம் போட்டு நிரப்பியது யார்?

ஆக, பேனாவை மூடுங்கள். இந்தப் பக்கத்தையும் மூடுங்கள். உங்கள் கணக்கில் 'அவங்களுக்கு ஒண்ணும் குறையில்லை' என்று எழுதிவைத்திருக்கிற ஒருவர் இருப்பார். உங்கள் அடுப்படியில் இருக்கலாம், உங்கள் அலுவலகத்தில் இருக்கலாம், உங்கள் ஊர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கலாம். எழுந்து, அவர் இருக்கும் இடத்துக்கு நடந்து போய்க் கேளுங்கள். அவர் வாய் திறக்கும்வரை நில்லுங்கள்.